புகையும் இல்லை, குண்டும் இல்லை: வன்னியில் ஐந்து நாள்

பெப்ரவரி 12, புதன்

ஏ9 வீதியால் கொழும்புக்கு எத்தனை தடவை போய் வந்திருப்பேன் என்று கணக்கில்லை. ஆனாலும் வன்னி எனக்குப் பஸ் ஜன்னலுக்கு வெளியே ஓடுகிற காடும் வயலும்தான். முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்போம், கச்சான் வாங்குவோம், ஏறிவிடுவோம். மாங்குளத்தில் இறங்குவது இதுதான் முதல் தடவை.

அக்கா கூப்பிட்டதால் வந்தேன். பெரியம்மாவின் மகள். ஒட்டுசுட்டானுக்கு அப்பால், முத்தையன்கட்டுக் குளத்துப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். வெள்ளிக்கிழமை அங்கே விஞ்ஞான தினம். "அம்மப்பா விட்ட புகைக்குண்டு மாதிரி ஒண்டு பிள்ளையளோடை சேர்ந்து செய்வமா?" என்று போன மாதம் போனில் கேட்டாள். அன்றைக்கே சரி என்றுவிட்டேன்.

வடமராட்சியில் நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது திருவிழா இரவுகளில் அம்மப்பா புகைக்குண்டு விடுவார், நெருப்பில் ஊதி வானத்துக்கு விடுகிற கடதாசிப் பலூன். மெல்லிய ரிசு பேப்பரை ஓடை ஓடையாக, நீள நீளத் துண்டுகளாக, வெட்டி ஒட்டி, வாயில் கம்பி வளையம் வைத்து, கீழே நெருப்பு மூட்டிப் புகை பிடிப்பார். நாலு பேர் விளிம்பைப் பிடித்து நிற்பார்கள். அது உப்பி, இழுத்து, "விடு" என்று அவர் சொன்னதும் கோயில் கோபுரத்தைத் தாண்டிப் போகும். அந்த அளவுகள் எழுதிய கொப்பி இப்போது என்னிடம்தான் இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் அறுபது தாள் வாங்கினேன். ஒன்று 30 ரூபா, மொத்தம் 1,800. சுருட்டி, பொலித்தீன் சுற்றி, பஸ்ஸில் மேல் தட்டில் வைத்தேன். பூரணை விடுமுறை, நிற்க இடமில்லை. பரந்தனில் யாரோ ஒரு மீன் பையைச் சுருளின் மேலேயே வைத்துவிட்டார்கள். ஐஸ் உருகிச் சொட்டியது எனக்குத் தெரியவில்லை. பக்கத்து இருக்கை ஐயாதான் கண்டு, "பிள்ளை, உங்கடை சாமான் நனையுது" என்றார். எடுத்துப் பார்த்தால் வெளிச்சுற்றில் பத்துத் தாள் பழுது. மிச்சத்தை அவர் தன் மடியில் நிமிர்த்தி வைத்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். மாங்குளம் வரைக்கும் அப்படியே இருந்தார். என்ன சாமான் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. இறங்கும்போது தந்துவிட்டு, "கவனமாய்க் கொண்டு போங்கோ" என்றார். அவ்வளவுதான்.

மாங்குளத்தில் ஒரு பிளேன்ரீ, 60 ரூபா. இஞ்சி போட்டது. அப்புறம் முல்லைத்தீவு பஸ். இரண்டு பக்கமும் காடு, இடையிடையே அறுவடை முடிந்த வயல், வைக்கோல் சூடு. மயில்கள் வரம்பில் வரிசையாக நின்றன.

வீட்டு வாசலில் பெரியம்மா. கட்டிப்பிடித்துவிட்டு, கையிலிருந்த சுருளைப் பார்த்து இது என்ன என்றார். "புகைக்குண்டு செய்யப் போறம் பெரியம்மா" என்றேன். அவர் முகம் மாறியது. என்னை உள்ளே கூட்டிப்போய் இருத்தி, மெதுவாகச் சொன்னார்: "பிள்ளை, இஞ்சை அந்தச் சொல்லைச் சொல்லாதை. குண்டு எண்டால் சனத்துக்கு வேறை ஒண்டுதான் நினைவு வரும்."

அம்மப்பாவின் மூத்த மகள் அவர். அந்தச் சொல்லோடு வளர்ந்தவர். கல்யாணம் முடித்து இங்கே வந்து, 2009 வரைக்கும் எல்லாவற்றையும் இங்கேயே இருந்து பார்த்தவர். நான் ஊரில் சும்மா உருட்டிக்கொண்டு திரிந்த சொல் இங்கே எப்படி விழும் என்று யோசிக்காமலே வந்திருக்கிறேன்.

இரவுக்குக் குத்தரிசிச் சோறு, விரால் குழம்பு, முருங்கையிலைச் சுண்டல். தேங்காய் 200 ரூபா விற்கிற நேரம் குழம்பில் பால் தாராளமாக இருந்தது.

பெப்ரவரி 13, வியாழன்

பள்ளிக்கூடத்தில் தரம் எட்டும் ஒன்பதும் சேர்ந்து இருபத்திமூன்று பிள்ளைகள். வாங்குகளை ஒதுக்கி, சீமெந்து நிலத்தைக் கூட்டித் துடைத்துத் தாள்களை விரித்தோம். கோதுமை மாப் பசையை அக்கா காய்ச்சிக் கொண்டுவந்திருந்தாள். எறும்பு வராமலிருக்கக் கொஞ்சம் துரிசு போட்டிருந்தாள், அதுவும் அம்மப்பாவின் முறைதான்.

பன்னிரண்டு ஓடை. ஓடைக்கு நாலு தாள், நீளம் 2 மீற்றர் 80. நடுவில் அகலம், இரண்டு நுனியிலும் ஒடுக்கம். தோணிபோல ஒரு வடிவம். ஒரு ஓடையின் விளிம்பில் விரல் அகலத்துக்குப் பசை தடவி, அடுத்ததை மேலே வைத்து, உள்ளங்கையால் நீவ வேண்டும். அழுத்தினால் கிழியும், விட்டால் காற்றுப் போகும். ஒரு மகள், பன்னிரண்டு வயதிருக்கும், மூச்சைப் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து நுனிவரை ஒரே இழுவையில் நீவினாள். தாள் அசையவில்லை. அதற்குப் பிறகு எல்லோரும் அவளைக் கூப்பிட்டு ஒட்டச் சொன்னார்கள்.

கை வேலை செய்ய, நான் கதை சொன்னேன். பிரான்ஸில் அன்னொனே என்ற ஊரில் மொங்கோல்ஃபியே என்று ஒரு கடதாசி உற்பத்திக் குடும்பம். அண்ணன் ஜோசப், தம்பி எத்தியென். அவர்களும் எங்களைப் போலத் தாளோடு மாரடித்தவர்கள்தான். 1783 ஜூன் 4 அன்று ஊர்ச் சனத்துக்கு முன்னால் தங்கள் கூட்டைப் பறக்கவிட்டார்கள். பெரியம்மா சொன்ன பிறகு குண்டு என்று சொல்ல வாய் வரவில்லை, கூடு என்றே சொன்னேன். சாக்குத் துணி, உள்ளே கடதாசி, துண்டுகளைப் பொருத்த ஏறக்குறைய 1,800 பொத்தான்கள். கீழே வைக்கோலும் ஆட்டு மயிரும் எரித்தார்கள். பத்து நிமிடம் நின்று, இரண்டு கிலோமீற்றர் தள்ளி இறங்கியது.

அவர்களுக்கு முன்னமே, 1709இல், லிஸ்பனில் பார்த்தொலொமேயு த குஸ்மாவ் என்ற பாதிரியார் அரசனுக்கு முன்னால் சின்னக் கடதாசிக் கூடு ஒன்றை ஏற்றிக் காட்டியிருக்கிறார். சீனாவில் காகித விளக்குகளை வானத்துக்கு விடுவது அதைவிட மிகப் பழையது. ஆனால் ஆளை ஏற்றிக்கொண்டு போகும் அளவுக்கு வளர்த்தது இந்தச் சகோதரர்கள்தான்.

செப்டெம்பர் 19இல், வெர்சாய் அரண்மனையில், பதினாறாம் லூயி பார்த்திருக்க, கூடையில் ஒரு ஆடு, ஒரு வாத்து, ஒரு சேவல். மேலே போனால் மூச்சு முட்டுமா என்று ஒருவருக்கும் தெரியாது. ஆட்டின் உடம்பு மனிதருக்குக் கிட்ட. வாத்து எப்படியும் பறக்கிற சாதி, அதற்கு உயரத்தால் ஒன்றும் வராது. சேவல் பறவைதான், ஆனால் உயரப் பறக்காது. மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்க நினைத்தார்கள். எட்டு நிமிடத்தில் மூன்று கிலோமீற்றர் போய் இறங்கியது. மூன்றுக்கும் உயிர்ச்சேதம் இல்லை.

"அந்த ஆட்டைப் பிறகு அடிச்சுத் திண்டிட்டினமோ?" ஆடு வளர்க்கிற வீட்டுப் பையன் கேட்டான்.

"இல்லையாம். அரண்மனையிலேயே வளர்த்தவையாம்."

அவனுக்கு அது போதுமாக இருந்தது. திரும்பவும் பசை தடவப் போய்விட்டான்.

மத்தியானத்துக்குள் பன்னிரண்டும் சேர்ந்துவிட்டன. சிவப்பு, மஞ்சள், வெள்ளை. வளையத்தையும் கட்டி, சந்திக் கடையில் மரக்கறி நிறுக்கிற தராசில் வைத்தோம். 250 கிராம். கடைக்கார அண்ணை இரண்டு தடவை நிறுத்துப் பார்த்துவிட்டு, "கால் கிலோ வெங்காயம் பறக்கப் போகுதோ?" என்று பிள்ளைகளிடம் கேட்டார். எல்லோருக்கும் ஒரு தோடம்பழ இனிப்புக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

மாலை பெரியம்மாவோடு ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர் கோயிலுக்குப் போனேன். குரக்கன் அறுத்தபின் வயலில் நிற்கும் அடித்தாளான ஒட்டைச் சுட்டபோது தீயில் வேகாமல் சிவலிங்கம் தோன்றியதால் ஊருக்கே ஒட்டுசுட்டான் என்று பெயர் என்பார்கள். நாளைக்கு நாங்களும் வைக்கோல் எரிக்கப் போகிறோம் என்று மனதுக்குள் சொல்லிக் கும்பிட்டேன். வரும் வழியில் கற்சிலைமடுவில், வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனின் நினைவிடம். 1803இல் வெள்ளைக்காரத் தளபதி திரிபேர்க் அவனை வென்ற இடம் இதுதான். பாரிஸில் மனிதன் பறந்து அப்போது இருபது வருடம் ஆகியிருந்தது.

பெப்ரவரி 14, வெள்ளி

ஏறவில்லை.

எட்டு மணிக்குத் தொடங்குவதாக அழைப்பிதழில் இருந்தது. பிரதம விருந்தினர் வந்து சேர ஒன்பதரை தாண்டியது. விளக்கேற்றி, மாலை போட்டு, நாலு பேர் பேசினார்கள். பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நின்றார்கள். எங்கள் முறை வந்தபோது பதினொன்று. வெயில் உச்சிக்கு வந்துவிட்டது, காற்றும் எழும்பிவிட்டது. இதை இன்றைக்கும் நினைக்கக் கோபம் வருகிறது. விருந்தினர் பிந்தலாம், பிள்ளைகளின் வேலையையாவது முதலில் விட்டிருக்கலாம்.

மண்ணில் குழி வெட்டி நெருப்பு மூட்டி, இரண்டு பக்கமும் வெட்டின தார்ப் பீப்பாவை மேலே நிறுத்தியிருந்தோம். கூட்டுக்குள் நெருப்பு வைப்பதில்லை என்று முதலே முடிவெடுத்தோம். காய்ந்த பற்றைக்காட்டில் எரிகிற ஒன்று போய் விழக்கூடாது. அன்னொனேயில் ஊதியதும் நிலத்து நெருப்பால்தான்.

கூடு பாதி உப்பியது. பிள்ளைகள், "இன்னும் புகை, இன்னும் புகை" என்று ஈர வைக்கோலை அள்ளிப் போட்டார்கள். புகை கன்னங்கரேலென்று வந்தது, கண் எரிந்தது, எல்லோரும் இருமினோம். கூடு ஒரு முழம் எழும்பும், பக்கவாட்டில் சரியும், இருக்கும். மூன்றாவது தடவை காற்று அள்ளிப் பீப்பாவில் மோதியதில் ஒரு ஓடை சாண் நீளத்துக்குக் கிழிந்தது. அத்தோடு நிறுத்தினோம். கை தட்டினார்கள். நல்ல மனதோடு தட்டியதுதான், ஆனால் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பின்னேரம் அந்த இருபத்திமூன்று பேரும் வீட்டுக்குப் போகாமல் நின்றார்கள். மாமர நிழலில் இருந்து கணக்குப் பார்த்தோம். காற்று சூடானால் ஐதாகும், பாரம் குறையும். உள்ளே 60 பாகை என்று வைப்போம். வெளியே 34 பாகை என்றால் ஒரு கனமீற்றர் கூடு ஏறக்குறைய 90 கிராமைத்தான் தூக்கும். எங்கள் கூடு மூன்று கனமீற்றர். 270 கிராம். கூட்டின் பாரமே 250. மிச்சம் 20 கிராம், அதைக் காற்று தின்றுவிட்டது. விடியக்காலை 22 பாகை என்றால் கனமீற்றருக்கு 137. மூன்றுக்கும் 411.

"அப்ப நெருப்பு அதேதான், வெளியிலை குளிர் வேணும்" என்றாள் ஓடை நீவிய மகள். அதேதான்.

புகையைப் பற்றியும் பேசினோம். மொங்கோல்ஃபியே சகோதரர்களும் புகைக்குள்தான் ஏதோ சக்தி இருக்கிறதென்று நம்பினார்கள். அதனால்தான் ஆட்டு மயிரும் ஈர வைக்கோலும் போட்டு நாற்றப் புகையாகப் பிடித்தார்கள். உண்மையில் தூக்கியது சூடு மட்டும்தான். ஈர வைக்கோல் நெருப்பைத் தணிக்கும். 1783இல் அவர்கள் விட்ட பிழையை இன்றைக்கு நாங்களும் அப்படியே விட்டோம். நான் பக்கத்தில் நின்றும் தடுக்கவில்லை.

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அக்கா, அப்ப இதிலை புகையும் இல்லை, குண்டும் இல்லை."

பெரியம்மா சொன்னது பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கிறது. சின்னக் கிராமம். அன்றையிலிருந்து அவர்கள் அதைக் கூடு என்றே சொன்னார்கள்.

இரவு மின்சாரம் இல்லை. முற்றத்தில் பாய் போட்டு, அவித்த பனங்கிழங்கைத் தும்பு கிழித்துத் தின்றுகொண்டிருந்தோம். பெரியம்மா கதை கேட்டார். மனிதன் முதலில் பறந்த கதையைச் சொன்னேன். 1783 நவம்பர் 21. முதலில் மரண தண்டனைக் கைதிகளை ஏற்றிப் பார்க்கலாம் என்றுதான் அரசன் நினைத்தான். பிலாத்ரு து ரோசியே என்ற இளைஞன், அந்தப் பெருமை கைதிகளுக்குப் போகக்கூடாதென்று தானே ஏறினான், மார்க்கி தார்லாந் துணைக்கு. பாரிஸுக்கு மேலே 25 நிமிடம், ஒன்பது கிலோமீற்றர். கூட்டுத் துணியில் பொறி விழுந்து ஓட்டை விழ, நனைத்த பஞ்சால் ஒற்றி ஒற்றி அணைத்துக்கொண்டே போனார்கள். ஒன்றரை வருடம் கழித்து, ஆங்கிலக் கால்வாயைக் கடக்கப் புறப்பட்ட ரோசியே வானத்திலிருந்து விழுந்து இறந்தான்.

பிறகு 1870ஐச் சொன்னேன். பாரிஸை எதிரிப் படை சுற்றி வளைத்த வருடம். உள்ளே அகப்பட்ட சனம் வாயு நிரப்பிய கூடுகளில் கடிதம் அனுப்பியது. 60க்கு மேற்பட்ட கூடுகள், இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட கடிதங்கள்.

பெரியம்மா கிழங்கைக் கீழே வைத்தார். "வெளியிலையிருந்து உள்ளுக்கு வந்ததோ?"

"கூடு காற்றடிக்கிற பக்கம்தான் போகும் பெரியம்மா. திருப்பி உள்ளே கொண்டுவர ஏலாது. புறாவின்ரை காலிலை கட்டி அனுப்பினவை. எல்லாப் புறாவும் வந்து சேரேலை."

"ஓம்" என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. "உன்ரை அம்மான்ரை கடிதம் ஒண்டு செஞ்சிலுவைக்காரர் மூலம் வந்தது. நாலு வரி. அதை நான் எத்தினை தரம் வாசிச்சிருப்பன்."

அம்மா அந்தக் கடிதத்தைப் பற்றி எங்களிடம் சொன்னதே இல்லை.

பெப்ரவரி 15, சனி

நாலரைக்கு எழும்பினோம். முழுநிலவு கழிந்து மூன்றாம் நாள், மேற்கே நிலா இன்னும் இருந்தது. புல்லெல்லாம் பனி. பள்ளிக்கூட மைதானத்துக்குப் போனால் இருபத்திமூன்று பேரும் வந்திருக்கிறார்கள், கூட அம்மாமார், தம்பி தங்கச்சிமார். ஒருவர் பெரிய கேத்தலில் பால்தேத்தண்ணி கொண்டுவந்திருந்தார். கிழிந்த ஓடையை இரவே ஒட்டிக் காயவைத்திருந்தோம். இந்த முறை வைக்கோல் இல்லை, சிரட்டையும் காய்ந்த பனை மட்டையும்தான். புகையில்லாமல் கனகனவென்று எரிந்தது.

பீப்பாவின் மேல் வாயைப் பிடித்தோம். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மடிப்புகள் ஒவ்வொன்றாக "பொட்" "பொட்" என்று விரியும் சத்தம். சிவப்பு ஓடை நிமிர்ந்தது, மஞ்சள் நிமிர்ந்தது, உச்சி எழும்பி நின்றது. தாளுக்கு வெளியே கையை வைத்தால் காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரிச் சுட்டது. வளையம் விரலை மேலே இழுக்கத் தொடங்கியது. அந்த இழுவையை அம்மப்பாவுக்குப் பக்கத்தில் நின்றபோது கடைசியாக உணர்ந்தேன்.

"விடு" என்று அக்கா சொன்னாள்.

நேரே மேலே போனது. தென்னை உயரம், அதற்கு மேல் இன்னொரு தென்னை, இன்னொன்று. அங்கே சூரிய வெளிச்சம் அதற்கு முதலில் பட்டது, நாங்கள் இன்னும் நிழலில் நிற்கிறோம். பிள்ளைகள் கத்தவே இல்லை. வாயைத் திறந்தபடி நின்றார்கள்.

பெரியம்மா மைதான வேலியோரம் நின்றார். வருவார் என்று நான் நினைக்கவில்லை. அவர் வானத்தைப் பார்க்கிற ஆள் இல்லை. வேவு விமானத்தை இங்கே வண்டு என்பார்கள். நாள் முழுக்க அது இரைந்துகொண்டு சுற்றிய காலத்தில் நிமிர்ந்து பார்க்கிற பழக்கம் விட்டுப்போனது என்று அக்கா சொல்லியிருக்கிறாள். இப்போது கையை நெற்றியில் வைத்து, தலையைப் பின்னால் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சத்தமே இல்லை, என்ன?" என்றார்.

"ஓம் பெரியம்மா. இதுக்குச் சத்தமில்லை."

"அப்பா விட்டதுக்கும் இல்லை" என்றார். கூடு சரிந்து இறங்கும் வரைக்கும் கையை எடுக்கவில்லை.

இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட நின்றிருக்கும். லேசான காற்று அதை வாய்க்கால் பக்கம் தள்ளி, அப்பாலுள்ள பற்றைக்காட்டில் இறக்கியது. பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடினார்கள். நானும் பின்னால் ஓடினேன். வாய்க்கால் கரையில், கயிறு கட்டி வைத்ததுபோல, இருபத்திமூன்று பேரும் ஒரே இடத்தில் நின்றுவிட்டார்கள்.

"ஏன் நிக்கிறியள்?"

"பாதை இல்லாத இடத்துக்குப் போறதில்லை அக்கா" என்றான் ஆடு வளர்க்கிற பையன், மூச்சு வாங்க. அந்தக் காட்டில் கண்ணிவெடி எடுத்து முடித்துப் பல வருடம். இந்தப் பிள்ளைகள் பிறக்கும்போதே போர் முடிந்துவிட்டது. ஆனாலும் தாய் தகப்பன் சொல்லி வளர்த்தது காலில் இருக்கிறது. ஒருவரும் ஒரு அடி முன்னால் வைக்கவில்லை. அங்கேயே நின்று, தூரத்தில் பற்றையில் தெரிந்த சிவப்பு மூலையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பினோம். பால்தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. எல்லோரும் குடித்தோம்.

பெப்ரவரி 16, ஞாயிறு

காலை பஸ்ஸுக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மாட்டுக்கார ஐயா சைக்கிளை உருட்டிக்கொண்டு படலையடியில் நின்றார். ஹாண்டிலில் எங்கள் கூடு, சீலை மடிப்பதுபோல நாலாக மடித்து, வாழைநாரால் கட்டியிருந்தது.

"மாடு வெருண்டு நிண்டது. போய்ப் பார்த்தன், கடதாசி. பள்ளிக்கூடத்துப் பிள்ளையளின்ரையாம் எண்டு சொல்லிச்சினம்."

முதல் வாயுக் கூடு பாரிஸிலிருந்து போய் கொனேஸ் கிராமத்தில் விழுந்தபோது, ஊர்ச்சனம் பயந்து கவட்டுத் தடியால் குத்திக் கிழித்துப் போட்டது. 1783 ஆகஸ்ட் 27. இவர் முள்ளிலிருந்து ஒவ்வொரு மூலையாகக் கழற்றி எடுத்திருக்கிறார். முட்டித் தயிர் ஒன்றும் கொண்டுவந்திருந்தார், 700 ரூபா. பெரியம்மா வாங்கிக்கொண்டார். தேத்தண்ணி குடிக்கச் சொன்னோம், மாடு தனிய நிற்கிறது என்று போய்விட்டார்.

விரித்துப் பார்த்தோம். மூன்று இடத்தில் முள் கிழிசல். புதுத் தாள் இரண்டுதான் மிச்சம். மீன் தண்ணி பட்ட பத்தும் வெயிலில் காய்ந்து சுருங்கிக் கிடந்தன. பெரியம்மா அதில் ஒன்றை எடுத்து மணந்து பார்த்தார்.

"நாறேலை. இது காணும்" என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, திண்ணையில் கூட்டை மடியில் விரித்து, என்னிடம் பசைச் சட்டியை எடுத்துவரச் சொன்னார். பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததில் போனேன்.